ஒரு வெட்டா, ரெண்டு வெட்டா?

அவன் பல் செய்கிறவன். பல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு யாராவது வாயைத் திறந்து காட்டினால், "நான் பிடுங்குறவன் இல்லீங்க, செய்யறவன்" என்று சிரித்துக்கொண்டே திருத்துவான். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை இழைத்து, பீங்கானில் சுட்டெடுத்து, பக்கத்துப் பல்லுக்குச் சந்தேகம் வராதபடி லேசாக ஒரு பழுப்பைத் தீட்டி அனுப்புவது அவன் வேலை. பதினெட்டு வருடமாகக் கடுகளவு சாமான்களோடு மல்லுக்கட்டியதில் அவன் கைக்கு நடுக்கம் என்பதே தெரியாது. லேபில் சொன்ன நேரத்துக்குச் சொன்ன பல் போய்விடும். வீட்டுக் காரியம் என்று வந்தால்தான் ஆள் வேறு. குழாய்க்கு வாஷர் மாற்றுவதாகட்டும், ஜன்னல் கொக்கியாகட்டும், "இந்த ஞாயித்துக்கிழமை" என்பான். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லமாட்டான்.

அப்படி அவன் தள்ளிப்போட்டதிலேயே பெரியது, மனைவியின் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைப்பது.

அவன் மனைவி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பே அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். பதினோரு வருடம் கழித்தும் அதுதான். மூன்று வருடமாக டீச்சர் ஒரு அகராதி செய்துகொண்டிருந்தாள். புத்தகம் இல்லை, வீடியோ. ஒரு சொல்லுக்கு ஒரு சைகை, ஒரு சைகைக்கு ஒரு துண்டுப் படம், பத்து விநாடி. தண்ணீர், கதவு, வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்று அறுநூற்று நாற்பது சேர்ந்திருந்தது. பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகளும் அதில் உண்டு. அதில் நடித்த பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள்.

"இது பிள்ளைங்களுக்கு இல்ல, அவங்க அம்மா அப்பாவுக்கு" என்பாள். "என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. வாயைத் திறந்தா, இல்ல கையைத் திறந்தா நிறுத்தமாட்டா. சாயங்காலம் வீட்டுக்குப் போனா அவகூடப் பேச ஒரு ஆள் கிடையாது. சாப்பிடு, தூங்கு, இந்த ரெண்டுதான் அவங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சைகை."

அடுத்த வாரம் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்றைக்கு அகராதியைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தார். டீச்சரின் அப்பா. முப்பத்துநான்கு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, நடை பழகும்வரை மகள் வீட்டில் இருக்கலாம் என்று வந்து மூன்று வாரமாகியிருந்தது. பேசினால் கடைசி சீட்டில் இருக்கிறவனுக்குச் சொல்வதுபோல் பேசுவார். தூசி என்றால் ஜென்மப் பகை. ஓட்டிய காலத்தில் தன் பஸ்ஸின் கண்ணாடியை வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை.

அவருக்கும் மாப்பிள்ளைக்கும் பகை ஒன்றும் இல்லை. பழக்கமும் இல்லை. "சாப்பாடு ஆச்சா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா." பதினோரு வருடத்தில் இதற்கு மேல் இருவரும் பெரிதாக முன்னேறவில்லை. அவன் கொஞ்சம் தாழ்ந்த குரல்காரன். அவன் சொல்வதற்கெல்லாம் மாமனார் "ம்ம், ம்ம்" என்று தலையாட்டிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். தன் பேச்சில் அவருக்குச் சுவாரசியமில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாமனார் ஒரு துணியை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, டீச்சரின் லேப்டாப்பை நன்றாக, அழுத்தி, பொத்தான் பொத்தானாகத் துடைத்தார். துணியைப் பிழிந்தாரா என்பது பிறகு பெரிய விவாதமாயிற்று. லேப்டாப் ஒரு தரம் கீச்சென்றது. திரையில் நாலு கோடு ஓடியது. அவ்வளவுதான்.

அவன் வேலை முடிந்து வந்தபோது டீச்சர் சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றிருந்தாள். லேப்டாப் கூடாரம்போலக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் துண்டு. மாமனார் சுவரோரமாக, கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்போல நின்றுகொண்டிருந்தார்.

டீச்சர் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கைதான் பேசும். அன்றைக்கும் பேசியது. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன, காற்றை வெட்டின. அவனுக்குத் தெரிந்த சைகை முப்பதோ நாற்பதோ. அந்த வேகத்தில் "மூன்று வருஷம்" என்பது மட்டும் பிடிபட்டது. அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் பெரியவர் ஒவ்வொரு அடியும் தன் மேல் விழுந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டே போனார்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாத" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "ஆறு மாசமா நகல் எடுத்துத் தரேன்னு சொல்லிக்கிட்டிருந்தது நான்தான்."

"அதையும்தான் இப்ப சொன்னேன்" என்றாள் டீச்சர், வாயால்.

ராத்திரி மாமனார் சாப்பிட வரவில்லை. பசியில்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து தெருமுனைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

மறுநாள் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனான். மாடிப்படிக்கு அடியில் அரை அறை. அதில் ஒரு அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிமூடியைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"போர்டு போயிடுச்சுங்க. சோப்புத் தண்ணி வேற. இதை நான் சரி பண்றேன்னு சொன்னா உங்களை ஏமாத்துறதா அர்த்தம்."

அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பட்டையை இடுக்கியால் உருவி எடுத்தாள். சூயிங்கம் பட்டை அளவு. அதன் மேல் கறுப்பாக இரண்டு மூன்று சதுரம்.

"அழுவாதீங்க. உங்க சாமானெல்லாம் இருக்கறது இதுலதான். எஸ்.எஸ்.டி. இது தண்ணி பட்ட இடத்துலேருந்து தள்ளி இருந்திருக்கு, பார்க்க சுத்தமா இருக்கு. இதுக்குன்னு வெளில போடற கேஸ் ஒண்ணு விக்குது. அதுக்குள்ள இதை வச்சு மூடி, ஒயரை எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் பென் டிரைவ் மாதிரி திறந்துக்கும். என்கிட்ட இப்ப ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம்தான் வரும். அவசரம்னா பெரிய கடைல கேளுங்க. போகும்போது இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க. எல்லாக் கேஸும் எல்லாத்துக்கும் சேராது."

அவன் அந்தப் பட்டையைப் பீங்கான் பல் அனுப்புகிற சின்னப் பெட்டியில் பஞ்சு வைத்து, பச்சைக் குழந்தையைப்போல வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வியாழக்கிழமை அவனால் நகர முடியவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் முன்பல் நான்கும் அன்று சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். காலையில் அவன் சட்டை மாட்டும்போது மாமனார் வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையில் ஊன்றுகோல். தலையை வாரியிருந்தார்.

"அந்த டப்பாவை நான் போய் வாங்கிட்டு வரேன்."

"கால் வலிக்குமே மாமா. ரெண்டு பஸ் மாறணும்."

"பஸ்ஸைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

அவன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, கூடவே பஞ்சுப் பெட்டியையும் நீட்டினான். மாமனார் நெருப்பைக் கண்டதுபோல இரண்டடி பின்னால் போனார்.

"அதை நான் தொடமாட்டேன். ஒரு தடவை தொட்டதே ஜென்மத்துக்கும் போதும்."

சாயங்காலம் அவர் நேராக லேபுக்கே வந்துவிட்டார். காலை இழுத்து இழுத்துப் படியேறி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து, வெற்றிக்கோப்பையைப்போல மேஜையில் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் கூடு, ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், ஒரு ஒயர். மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பல் அச்சுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்த அலமாரிக்கு அடியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

அவன் விளக்கைத் தாழ்த்தி, பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டான். பட்டையைச் சாய்வாகப் பள்ளத்தில் நுழைத்து, மெல்ல அழுத்திப் படுக்கவைத்து, ஓரத்தில் எள்ளளவு ஸ்க்ரூவை இரண்டு சுற்றுச் சுற்றினான். மாமனார் மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை என்னமா நிக்குது!" என்றார். கடைசி சீட்டுக்குச் சொல்லும் குரல்தான். ஆனாலும் அவனுக்குக் காது சூடாகிவிட்டது. மாமனார் அவனைப் பாராட்டி அதுவரை அவன் கேட்டதில்லை.

மூடியைப் போட்டு, ஒயரை லேப் கம்ப்யூட்டரில் சொருகினான். கூட்டின் முனையில் நீலமாக ஒரு விளக்கு எரிந்தது.

"எரியுது மாப்பிள்ளை! எரியுது!"

எரிந்தது. ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை. கழற்றி மாட்டினான். வேறு துளையில் சொருகினான். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

மாமனார் விளக்கையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "போச்சா?" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"இருங்க மாமா." அவன் பட்டையை மறுபடி வெளியே எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் திருப்பினான். தங்க நிறத்தில் சீப்புப் பல்போல வரிசை. அதில் இடையிடையே வெட்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆக இரண்டு. பெட்டிக்குள் மடித்துவைத்திருந்த தாளை விரித்தான். எறும்பு எழுத்தில் படம் போட்டிருந்தது. இந்தக் கூடு ஒரு வெட்டு உள்ள பட்டைக்கு மட்டும். இரண்டு வெட்டு உள்ளது பழைய வகை. உள்ளே உட்காரும், ஆனால் பேசாது.

அவனுக்கு உயிர் வந்தது. "மாமா, கடைல ஏதாவது கேட்டாங்களா?"

"ம்ம்."

"கடைல உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா மாமா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"ஆங், கேட்டுச்சு அந்தப் பொண்ணு. 'ஒண்ணு வேணுமா, ரெண்டு வேணுமா'ன்னுச்சு. எதுக்கும்மா ரெண்டு, ஒண்ணு போதும்னேன்."

ஒரு வெட்டா, ரெண்டு வெட்டா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. பூதக்கண்ணாடியை மடக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டு, வழக்கமான தன் குரலில் கேட்டான்: "மாமா, கீழ போய் ஆளுக்கு ஒரு டீ குடிப்பமா?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தான். மாமனார் அந்த நீல விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு வருடத்து "ம்ம், ம்ம்" எல்லாம் இல்லாவிட்டாலும், கடைசி ஒன்றிரண்டு வருடத்து "ம்ம்" எல்லாம் அவன் மனதில் வரிசையாக வந்து நின்றன. கேள்வி வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டான். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, வாய் தெரியும்படி, "டீ?" என்றான்.

"குடிக்கலாமே" என்றார் மாமனார், அவ்வளவு சந்தோஷமாக.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டான். இருவருமாகக் கிளம்பினார்கள். இந்த முறை பஞ்சுப் பெட்டி அவன் பையில். கடையில் அதே பெண் இருந்தாள். பட்டையைப் பார்த்ததும், "ரெண்டு வெட்டு. நேத்தே கேட்டேனே சார்" என்று மாமனாரிடம் சொன்னாள். மாமனார் சிரித்துத் தலையாட்டினார். அவள் ஒன்றும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மாமனார் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, டிரைவருக்கு மனதுக்குள்ளேயே மார்க் போட்டுக்கொண்டு வந்தார்.

"லேட்டா மாத்துறான் கியரை" என்றார். "இதைக் காதால கேக்க வேண்டியதில்ல மாப்பிள்ளை. பாதத்துல தெரியும்."

இரண்டு நிறுத்தம் கடந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க."

"எதை மாமா?"

"நேத்து நீங்க கண்டுபிடிச்சதை." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "டீ வேணுமான்னு என் தோளைத் தொட்டுக் கேட்டீங்க பாருங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டிருப்பீங்க."

அவன் அவர் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டான். "எவ்வளவு நாளா மாமா?"

"ரெண்டு வருஷமிருக்கும். இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் வருது, போகுது. எஞ்சின் பக்கத்துலயே முப்பத்துநாலு வருஷம் உக்காந்தா அது என்ன பண்ணும், பாவம்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ விடிஞ்சா காது கேக்காத பிள்ளைங்க, சாயந்தரம் வரைக்கும் அதே. வீட்டுக்கு வந்தா இங்கயும் அதேவா? முட்டின்னு சொல்லிட்டு வந்து உக்காந்தது போதாதா?"

அவர் கை பக்கத்தில் இருந்தது. அதன் மேல் தன் கையை வைத்தான். மாமனார் கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எடுக்கவில்லை.

வீட்டுக்கு லேப் முதலாளியின் லேப்டாப்பை இரவல் வாங்கி வந்திருந்தான். டீச்சர் பள்ளியிலிருந்து வந்து முகத்தைக்கூடக் கழுவவில்லை. மூவரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புதுக் கூடு, அதே பட்டை, அதே எள்ளளவு ஸ்க்ரூ. ஒயரைச் சொருகினான். விளக்கு எரிந்தது. கூடவே லேப்டாப் 'டிங்' என்றது.

"வந்துடுச்சு!" என்று அவன் கத்தியதில் மாமனாருக்கே கேட்டுவிட்டது.

வந்தது, ஆனால் பூட்டோடு வந்தது. திரையில் ஒரு பூட்டுப் படம். திறக்க நாற்பத்தெட்டு இலக்கம் கேட்டது.

"ஐயோ, ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சார் போட்டுக் குடுத்தது" என்று டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, அந்த எண் அவளுடைய இணையக் கணக்கில் பத்திரமாக இருந்தது. போனில் தேடி எடுத்தாள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். வகுப்புப் பழக்கம், வாய் ஒன்று சொன்னால் வலது கை தானாக அதையே விரலில் காட்டும்.

நாலாவது தொகுதியில் அவன் தடுமாறினான். "நாலுக்கு அப்புறம் என்ன?"

"ஏழு, எட்டு, ஏழு, மூணு" என்றார் மாமனார், எதிர்ப்பக்கத்திலிருந்து.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். அவள் அதை இன்னும் வாயால் சொல்லவே இல்லை. கைதான் முந்திக்கொண்டு போயிருந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் அவர்கள் பள்ளியில் விரல் மடக்குகிற விதம் வெளியாள் யாருக்கும் பிடிபடாது. கட்டின புருஷனுக்கே பதினோரு வருடமாகப் பிடிபடவில்லை.

"அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விரலை எண்றது என்ன பெரிய வித்தையா? நீ மேல படிம்மா" என்று மாமனார் மேஜைவிரிப்பின் சுருக்கத்தை நீவத் தொடங்கினார்.

எட்டாவது தொகுதி முடிந்தது. பூட்டு திறந்தது. உள்ளே எல்லாம் இருந்தது. தண்ணீர், கதவு, வலிக்கிறது, பயமாயிருக்கிறது, அறுநூற்று நாற்பதும் வரிசை கலையாமல் இருந்தது. டீச்சர் ஒன்றைத் தட்டினாள். பள்ளியை விட்டுப்போன ஒரு பையன் வந்து, கன்னத்தை உப்பி, 'பலூன்' என்று காட்டிவிட்டுப் போனான். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். மாமனார் ஒரு விரலை நீட்டி, முதன்முறையாக, பட்டை உள்ளே இருந்த அந்தக் கூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கு" என்றார் மரியாதையோடு. "எஞ்சின் ஓடுது."

"இது என்ன?" என்றாள் டீச்சர்.

அவளுடைய கோப்புகளுக்குப் பக்கத்தில், அவள் வைக்காத ஒரு கோப்புறை இருந்தது. பெயர்: 'அப்பா'. மாமனார் சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் சம்மதிக்கவில்லை. அதற்குள் அவள் தட்டிவிட்டாள்.

திரை நிறைய மாமனார். லேப்டாப்பின் கேமராவுக்கு எதிரில், சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, லைசென்ஸுக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர்போல விறைப்பாக இருந்தார். "பசி!" என்று அறிவித்தார். பிறகு, மகளின் வீடியோவில் பார்த்ததை வயிற்றின் மேல் செய்து காட்டினார். அடுத்த துண்டு. "கதவு!" அடுத்தது. "மகள்!"

மகளுக்கு அவர் காட்டிய சைகையைப் பார்த்து டீச்சர் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "அப்பா, அது தக்காளி!"

நாற்பத்தொரு துண்டு இருந்தது. கடைசித் துண்டில் அவர் வாயால் எதையும் அறிவிக்கவில்லை. வெகுநேரம் கேமராவையே பார்த்தார். பிறகு, மெதுவாக, தப்பிவிடக்கூடாதே என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பார்த்து, கையைத் தூக்கினார். காதைத் தொட்டார். கையை விரித்தார். மகளை நோக்கி நீட்டுவதுபோல நீட்டினார். இன்னும் இரண்டு மூன்று.

அவனுக்கு அதில் 'காது' மட்டும்தான் புரிந்தது. டீச்சருக்கு எல்லாம் புரிந்தது. அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"தினம் மத்தியானம் பார்ப்பேன்" என்றார் மாமனார், மேஜைவிரிப்பிடம். "நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். உன்னோட பிள்ளைங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு முட்டிக்குத் தைலம் தேய்ச்ச கையோட உக்காந்துட்டேன். பொத்தானெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. நீ வர்றதுக்குள்ள தொடச்சிடலாம்னு…" அவர் குரல் அன்றைக்கு முன் சீட்டைக்கூடத் தாண்டவில்லை. "நல்லாக் கத்துக்கிட்டு, பொறவு காது விஷயத்தைச் சொல்லலாம்னு இருந்தேன். சொன்னா உனக்கு ஒரு வேலையும் வைக்காம, நானே கையால பேசிடற மாதிரி."

டீச்சர் எழுந்துபோய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் செய்யாத முழங்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் பேசினாள். வேகமாக இல்லை. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பேசுவதுபோல, ஒவ்வொன்றாக. மாமனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பதிலுக்குக் கையைத் தூக்கினார். தப்பாகச் செய்தார். அவள் விரலைப் பிடித்துத் திருத்தினாள். மறுபடி செய்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் யாராவது சொன்னா நல்லாயிருக்கும்" என்றான் அவன்.

மாமனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். "'உங்க மாப்பிள்ளை மோசமில்ல'ன்னு சொல்றா. வீட்டு வேலைன்னா மட்டும் கொஞ்சம் சோம்பேறியாம்."

"பொய்! நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் டீச்சர். "கொஞ்சம்னு சொல்லல."

அன்றைக்கே அவன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தான். ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. புது லேப்டாப் வந்ததும் எல்லாம் அதில் ஏறியது. கூட்டுக்குள் இருந்த பழைய பட்டையில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, துணியால் இல்லை, முறைப்படி, அகராதியை மட்டும் அதில் போட்டு மாமனாருக்கென்று கொடுத்துவிட்டான். அதை டிவிக்குப் பின்னால் சொருகிவிட்டால் போதும். மதியத்தில் சத்தமே இல்லாமல் டிவி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் பெரிய நிம்மதி.

காது டாக்டரிடமும் போனார்கள். வலது காதுக்கு ஒரு மெஷின் வந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை, நீங்க சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவீங்களா?" என்று கேட்டார். இடது காதுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். வலதும் எத்தனை வருடம் என்று சொல்வதற்கில்லையாம். மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

மறு வாரம் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அறுபது பேர் இருந்தார்கள். டீச்சர் அகராதியைக் காட்டிப் பேசி முடித்தாள். கடைசியில் லாரி ஓட்டுகிற ஒரு தகப்பனார் எழுந்து, "பிள்ளைங்க கத்துக்கும் டீச்சர். இந்த வயசுல எங்க கை எங்க வளையப் போவுது?" என்றார். நிறையப் பேர் ஆமாம் என்று முனகினார்கள்.

டீச்சர் பின்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். கையால் ஏதோ கேட்டாள். மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார், கையாலேயே. அவள் அவருடைய துண்டுகளைத் திரையில் ஓட்டினாள். "பசி!" என்று அவர் அறிவித்ததும் கூடம் அதிர்ந்தது. தக்காளிக்குப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள். கடைசித் துண்டை அவள் போடவில்லை. அது வீட்டோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சிரிப்பு அடங்கியபோது அந்த லாரிக்காரர் மடியில் கையை வைத்துக்கொண்டு, 'பசி'யை ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மகள், வகுப்பில் கையை நிறுத்தவே நிறுத்தாத அந்தப் பெண், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். அவன் வாசலில் நின்று மாமனாருக்காகக் காத்திருந்தான். பத்து நிமிடம், இருபது நிமிடம். கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்தான். காலியான கூடத்தின் முன் பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும். அவள் எதையோ மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மாமனார் அதைப் பிடித்துப் பிடித்து, தெரிந்த அளவுக்கு, அவள் அப்பாவுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவனைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று காட்டினார். அது அவனுக்குப் புரிந்தது. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.